டேலிலி பூக்கவில்லையா, வாடுகிறதா? ஒன்ராறியோ வீட்டுத் தோட்டங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தென் ஒன்ராறியோவில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் ஆகிய இடங்களில் வீடு வாங்கியவர்களின் வளவில் பெரும்பாலும் ஒரு மூலையிலாவது டேலிலி நிற்கும். முந்தைய உரிமையாளர் நட்டுவிட்டுப் போயிருப்பார். அல்லது வசந்த காலத்தில் கடை வாசலில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வைத்திருப்போம். சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி கடும் பனியையும் ஜூலை வெயிலையும் தாங்கக்கூடியது என்பதால், கவனிப்பே தேவையில்லை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அது உண்மைதான். அதன் பிறகு பூ குறைகிறது, இலை மஞ்சளாகிறது, மொட்டு உதிர்கிறது என்ற முறைப்பாடுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்குகின்றன.

அந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதிக்கு நோயோ பூச்சியோ காரணம் அல்ல. வெயில் போதாமை, தவறான ஆழத்தில் நடுதல், ஆண்டுக்கணக்கில் பிரிக்காமல் விட்ட நெருக்கம் ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப வெளிப்படுகின்றன. ஆகவே கடைக்குப் போய் ஒரு போத்தல் மருந்து வாங்குவதற்கு முன்பு, செடியின் அடியில் கைவிட்டு மண்ணை விலக்கிப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். மேலும், 2009 ஏப்ரல் முதல் ஒன்ராறியோவில் வீட்டுப் புல்வெளிக்கும் அலங்காரச் செடிகளுக்கும் பெரும்பாலான இரசாயனப் பூச்சிகொல்லிகளையும் பூஞ்சணக்கொல்லிகளையும் பயன்படுத்தத் தடை இருக்கிறது. பூச்சிகொல்லிச் சவர்க்காரக் கரைசல் போன்ற தீங்கு குறைந்த சிலவற்றுக்கு மட்டுமே அனுமதி உண்டு. இந்த வழிமுறை அந்த எல்லைக்குள் நின்றே எழுதப்பட்டிருக்கிறது.

எதற்கும் முன்னால்: வீட்டில் பூனை இருக்கிறதா?

டேலிலி பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. இலை, பூ, மகரந்தம், பூச்சாடியில் உள்ள தண்ணீர் ஆகிய எதுவானாலும் சிறிதளவு உட்சென்றால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். உரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவதே போதுமானது. பூனை இதைக் கடித்ததைப் பார்த்தாலோ, கடித்திருக்கலாம் என்று சந்தேகித்தாலோ, வாந்தி வரும்வரை காத்திருக்காமல் அந்த மணித்தியாலமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். செடியின் ஒரு துண்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்குள் பூனை வளர்ப்பவர்கள் இந்தப் பூவை வெட்டி உள்ளே கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

செடியைப் பரிசோதிக்கும் முறை

டேலிலி பெயரில் லில்லியாக இருந்தாலும் பூண்டு போன்ற குமிழிலிருந்து வளர்வதில்லை. தடித்த வேர்கள் கீழேயும், எதிரெதிராக விரியும் இலைத்தொகுதி மேலேயுமாக இருக்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்மையான, கெட்டியான ஒரு பகுதி இருக்கும். அதைக் கழுத்து என்றும், ஒரு கழுத்திலிருந்து எழும் இலைத்தொகுதியை விசிறி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். செடியின் உயிர் முழுவதும் கழுத்தில்தான் இருக்கிறது. இலைகள் அனைத்தும் கருகினாலும் கழுத்து கெட்டியாகவும் வெண்மையாகவும் இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். இலை பச்சையாக இருந்தும் கழுத்து அமுக்கினால் நெகிழ்கிறது என்றால் ஆபத்து தொடங்கிவிட்டது.

விரலால் மண்ணை விலக்கி, கழுத்து எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மண்மட்டத்திலிருந்து சுமார் 2.5 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அங்குலம், என்பது சரியான ஆழம். இலையின் அடிப்பகுதியில் வெள்ளை நிறம் முடிந்து பச்சை தொடங்கும் கோடுதான் செடி முன்பு இருந்த மண்மட்டம்; கடையில் வாங்கிய கன்றிலும் அந்தக் கோடு தெரியும். பிறகு ஒரு விடுமுறை நாளில் காலை, நண்பகல், பிற்பகல் என்று சென்று பார்த்து, செடியின் மீது நேரடி வெயில் எத்தனை மணித்தியாலம் விழுகிறது என்று கணக்கிடுங்கள். கடைசியாக, ஒரு கூட்டத்தில் எத்தனை விசிறிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இந்த மூன்று விவரங்களும் கையில் இருந்தால் கீழே உள்ளவற்றில் பாதி தானாகவே தெளிவாகிவிடும்.

இலை செழிப்பாக இருக்கிறது. ஆனால் பூ வரவில்லை, அல்லது ஆண்டுக்காண்டு குறைகிறது

அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு இதுதான். காரணங்களை அவை நேரும் வாய்ப்பின் வரிசையிலேயே பார்த்து வாருங்கள்.

முதலாவது வெயில். டேலிலிக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலிலும் அது சாகாது, இலைகளை நீட்டிக்கொண்டு பச்சையாகவே நிற்கும். அதனால்தான் குறை எதுவென்று பலருக்குப் புலப்படுவதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பு நட்டபோது வெயில் விழுந்த இடத்தில் இப்போது அயல்வீட்டு மேப்பிள் மரம் கிளை பரப்பியிருக்கலாம். நோர்வே மேப்பிளாக இருந்தால் நிழலோடு மற்றொரு தொல்லையும் சேரும்: அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே அடர்த்தியாகப் பின்னிக்கொண்டு, நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் இடும் பசளையையும் உறிஞ்சிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எதைப் போட்டும் பயனில்லை. செடியை இடம் மாற்றுவதே ஒரே வழி.

இரண்டாவது நெருக்கம். ஒரு விசிறியாக நட்ட செடி மூன்று நான்கு ஆண்டுகளில் பல விசிறிகளாகப் பெருகி, நடுவில் உள்ளவை ஒளியும் உணவும் இன்றி மெலிந்துவிடும். ஓரத்தில் மட்டும் ஓரிரு பூந்தண்டுகள் எழுந்து, நடுப்பகுதி வெறும் இலையாக இருந்தால் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டத்தைப் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு இங்கே உகந்த காலம் பூத்து முடிந்த ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை. மண் உறைவதற்கு முன்பு புதிய வேர் பிடிக்க ஐந்தாறு கிழமைகளாவது கிடைக்க வேண்டும் என்பதே கணக்கு. ஏப்ரல் இறுதியில் தளிர் ஒரு சாண் உயரம் வந்த நிலையிலும் பிரிக்கலாம், ஆனால் அந்த ஆண்டுப் பூ குறையக்கூடும். முதலில் இலைகளை 15 சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டிவிடுங்கள். கூட்டத்தைச் சுற்றி ஓர் அடி தள்ளி, பற்கள் கொண்ட தோட்ட முள்ளை இறக்கி, முழுக் கூட்டத்தையும் மண்ணோடு நெம்பி எடுங்கள். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி வேரில் உள்ள மண்ணைக் கழுவினால், எந்த விசிறி எங்கே பிரிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். களிமண்ணாக இருந்தால் கழுவாமல் பிரிக்க முயலவே வேண்டாம், கழுத்துகள் உடைந்துபோகும். கையாலேயே ஆட்டி ஆட்டிப் பிரித்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பிரியாத இடத்தில் மட்டும் கூரிய கத்தியால் வெட்டுங்கள். இரண்டு அல்லது மூன்று விசிறிகள் கொண்ட துண்டுகளாக, 45 முதல் 60 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நடுங்கள். குழியின் நடுவில் மண்ணைக் குவித்து, அந்தக் குவியலின் மேல் கழுத்தை வைத்து, வேர்களை நாலாபுறமும் சரிய விட்டு மண்ணை மூட வேண்டும்.

பிரித்து நட்ட முதல் கோடையில் பூ குறைவாக இருப்பது இயல்பு. அதை மீண்டும் ஒரு குறையாக எண்ணித் தோண்டிவிடாதீர்கள்.

மூன்றாவது, தழைச்சத்து மிகுதல். இலைகள் அகன்று, கரும்பச்சையாகி, தளர்ந்து சாய்ந்தபடி இருக்கப் பூந்தண்டு மட்டும் காணாது என்றால், யார் என்ன பசளை போட்டார்கள் என்று விசாரியுங்கள். புல்வெளிக்குத் தூவும் பசளையில் தழைச்சத்தே மேலோங்கி இருக்கும். தூவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அது பாத்தியின் ஓரத்திலும் விழுந்துவிடுகிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதே பாத்தியில் கோழி எருவைத் தாராளமாகப் போடும் வீடுகளிலும் இதைக் காணலாம். டேலிலிக்கு வசந்தத்தில் இரண்டு விரல் கனத்துக்குக் கூட்டெரு பரப்பினாலே போதும். மிகுந்துவிட்டால் அதை முறிக்க வேறொன்றைப் போட வேண்டாம். ஒரு பருவம் எந்தப் பசளையும் இடாமல் விடுங்கள்.

நான்காவது ஆழம். கழுத்து 5 சென்ரிமீற்றருக்கும் கீழே புதைந்திருந்தால் செடி உயிரோடு இருக்கும், ஆனால் பூக்கத் தயங்கும். ஆண்டுதோறும் பாத்தியின் மேல் மரச்சீவல் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; ஒவ்வோர் ஆண்டும் ஒரு அங்குலம் ஏறினால், சரியாக நட்ட செடியும் காலப்போக்கில் ஆழத்துக்குப் போய்விடுகிறது.

'ஸ்டெல்லா டி ஓரோ' வகையைப் பற்றித் தனியாக ஒரு சொல். இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் ஜப்லான்ஸ்கி உருவாக்கி 1975இல் பதிவு செய்யப்பட்ட இந்தக் குள்ளமான மஞ்சள் வகைதான் வாகனத் தரிப்பிடங்களிலும் கடைவாசல்களிலும் கூட்டங்கூட்டமாக நிற்பது. இது ஜூனில் தொடங்கி மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்புடையது. ஜூலையோடு நின்றுவிட்டது என்றால், பூத்த தண்டில் விதைக்காய் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காய் கட்டினால் செடி தன் வலிமையை விதைக்குச் செலவிடும். காய்களைக் கிள்ளி, முடிந்த தண்டுகளை அடியோடு வெட்டி, நன்றாகத் தண்ணீர் விட்டால் ஓகஸ்டில் மறுபடியும் தண்டு எழும்.

மொட்டு வந்தது, ஆனால் உதிர்கிறது, அல்லது கோணலாக விரிகிறது

உதிர்ந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதே விடை.

உள்ளே ஒன்றும் இல்லை, காய்ந்து மட்டும் இருக்கிறது என்றால் தண்ணீர்க் குறைவு அல்லது கடும் வெப்பம். பூந்தண்டு எழும் ஜூன் தொடக்கம் முதல் பூத்து முடியும்வரை கிழமைக்கு 25 மில்லிமீற்றர் அளவு தண்ணீர், மழையாகவோ குழாயாகவோ, கிடைக்க வேண்டும். பாத்தியில் ஒரு வெற்று ரின்னை வைத்துவிட்டுத் தண்ணீர்த் தெளிப்பானை ஓடவிட்டால், அதில் ஓர் அங்குலம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அறிந்துகொள்ளலாம். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, கிழமைக்கு ஒருமுறையோ இருமுறையோ ஆழமாக நனைப்பது நல்லது.

இதழ்களின் ஓரம் வெளுத்து, நொய்ந்து, மொட்டின் மேல் பழுப்புத் தழும்புகள் இருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் மொட்டைத் தட்டினால் ஊசிமுனை அளவில் மெல்லிய பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். தண்டிலும் மொட்டின் காம்பிலும் பச்சை நிறத்தில் ஒட்டிக்கொண்டு, கீழே வெள்ளைத் தோல்களை உதிர்த்திருந்தால் அசுவினி. இரண்டுக்கும் முதல் மருந்து தண்ணீர்தான்: காலையில் குழாயைப் பீய்ச்சி, இலைகளின் இடுக்குகளிலும் மொட்டுகளிலும் அழுத்தமாக அடியுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று ஒரு கிழமை தொடருங்கள். குறையவில்லை என்றால் மட்டும் பூச்சிகொல்லிச் சவர்க்காரக் கரைசலை, வெயில் தணிந்த மாலையில், குறிப்பில் உள்ள அளவிலேயே தெளியுங்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கலந்து அடிப்பது நம்மவர்களிடையே பரவலான பழக்கம். அது இலைகளைக் கருக்கக்கூடும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

மொட்டு வழமைக்கு மாறாக உப்பி, தடித்து, குட்டையாகி, விரியாமலே அழுகுகிறதா? பிளந்தால் உள்ளே நீர் கோத்து, மிகச் சிறிய வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றனவா? அப்படியானால் டேலிலி மொட்டு ஈயாக இருக்கலாம். ஐரோப்பாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட இது, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பதிவாகியுள்ளது. ஈ மொட்டில் முட்டையிடும். புழு வளர்ந்து மண்ணில் விழுந்து அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஆகவே புழு மண்ணைச் சேர்வதற்கு முன்பு உப்பிய மொட்டுகள் அனைத்தையும் கிள்ளி, பொலித்தீன் பையில் கட்டிக் குப்பையில் போடுவது இந்த ஆண்டுக்கான தீர்வு மட்டுமல்ல, அடுத்த ஆண்டுக்கான தீர்வும் அதுவே. கூட்டெருக் குவியலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். முன்பருவத்தில் பூக்கும் வகைகளையே இது அதிகம் தாக்குகிறது.

பூந்தண்டு திடீரென வெடித்துச் சாய்ந்தது

நேற்று வரை நேராக நின்ற தண்டு காலையில் குறுக்காக வெடித்து, உள்ளே உள்ள வெண்சோறு தெரிய மடிந்து கிடக்கும். யாரோ ஒடித்துவிட்டார்கள் என்றே தோன்றும். பிள்ளைகள் வீண்பழிக்கு ஆளாவதும் உண்டு. உண்மையில் இது நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீரெனப் பெருமழையோ அதிகத் தண்ணீரோ கிடைக்கும்போது, உட்பகுதி வேகமாகப் பருத்து வெளித்தோல் தாங்காமல் வெடிப்பதால் நேர்கிறது. தழைச்சத்து மிகுந்தால் இது கூடும். குரோமோசோம் தொகுதி இரட்டிப்பாக்கப்பட்ட, தண்டும் இதழும் தடித்த டெட்ராப்ளாய்டு கலப்பினங்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

தண்டு முழுவதும் அறாமல் ஒரு பக்கத் தோலாவது ஒட்டிக்கொண்டிருந்தால் காப்பாற்றிவிடலாம். மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைத் தண்டோடு சேர்த்து நிறுத்தி, வெடித்த இடத்தின் மேலும் கீழும் துணிநாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். எஞ்சிய மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியும். முழுவதும் அறுந்துவிட்டால் தண்ணீரில் வைக்கலாம். பருத்த மொட்டுகள் மட்டும் சாடியில் விரியும். மீண்டும் நேராமல் இருக்க, ஜூன் மாதம் முழுவதும் மண்ணின் ஈரம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கப் பார்த்துக்கொள்வதே வழி.

இலை மஞ்சளாகிறது, பழுப்பாகிறது

இங்கே அவசரப்படாமல் நான்கு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும்.

பூத்து முடிந்த ஓகஸ்டில் வெளிப்புற இலைகள் மட்டும் முழுவதுமாக மஞ்சளாகிக் கீழே சாய்ந்தால் அது மூப்பு. மெதுவாக இழுத்தால் கையோடு வந்துவிடும். எடுத்து அப்புறப்படுத்துங்கள், வேறொன்றும் தேவையில்லை.

இலையின் நுனியிலிருந்து நடுநரம்பை ஒட்டியே மஞ்சள் கோடு கீழ்நோக்கி இறங்கி, பிறகு அந்தக் கோடு செம்பழுப்பாகிக் காய்ந்தால் அது இலைக்கோட்டு நோய் எனப்படும் பூஞ்சணத் தாக்கு. மழைத்துளி தெறித்தும், ஈர இலைகளில் கையும் கருவியும் பட்டும் பரவும். செடியைக் கொல்லாது; அழகைக் கெடுக்கும். நோயுற்ற இலைகளை உலர்ந்த நாளில் வெட்டுங்கள், தண்ணீரை இலையில் படாமல் அடியில் விடுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள். பூஞ்சணம் காய்ந்த இலைகளில் தங்கிக் குளிர்காலத்தைக் கடப்பதால், இலையுதிர் காலத்தில் பாத்தியைச் சுத்தமாக வாரிவிடுவதே இதற்கான முதன்மை மருத்துவம்.

இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிபோன்ற கொப்புளங்கள் இருந்தால் துரு நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு வெள்ளை ரிசுத்தாளை இலையின் அடிப்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்: செம்மஞ்சள் கறை ஒட்டினால் துரு, ஒன்றும் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் இலைக்கோட்டு நோய். எளிய சோதனை, ஆனால் இந்த இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்லது வீட்டில் வேறில்லை. துரு நோய் ஆசியாவிலிருந்து வந்தது; ஐக்கிய அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதன் வித்துகள் உயிருள்ள பச்சை இலையில் மட்டுமே நிலைக்கும். நமது குளிரில் இலைகள் முற்றாக மடிந்துவிடுவதால் நோயும் பொதுவாக அத்துடன் மாண்டுபோகிறது. மறுபடியும் வருவது புதிதாக வாங்கும் கன்றுகளின் வழியாகத்தான். எனவே தென் மாநிலங்களிலிருந்து வரவழைத்த கன்றைப் பாத்தியில் சேர்க்கும் முன்பு மூன்று கிழமையாவது தனியே சட்டியில் வைத்துக் கவனியுங்கள். நோய் கண்டுவிட்டால் அந்தச் செடியின் இலைகள் அனைத்தையும் மண்மட்டத்துக்கு வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள். கத்தரிக்கோலை அல்ககோலால் துடையுங்கள். செடி புதிய இலை விடும். அருகில் பட்ரினியா என்ற செடி இருந்தால் அதை அகற்றிவிடுவது நல்லது, ஏனெனில் துருப் பூஞ்சணத்தின் மற்றொரு வாழ்கட்டம் அதில்தான் நிகழ்கிறது.

நான்காவதாக, இலைமேல் நுண்ணிய வெண்புள்ளிகள் நிறைந்து, பச்சை மங்கி, இடுக்கில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். வெப்பமும் வறட்சியும் நீடிக்கும் ஜூலையில் பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவதே போதுமானது.

வசந்தத்தில் தளிர் முறுக்கிக்கொண்டு, ஓரம் அரித்ததுபோல வருகிறது

மே தொடக்கத்துப் பின்பனி தளிரின் நுனியை வெளுக்கச் செய்வது வேறு. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் தளிர் ஒரு பக்கமாக வளைந்து, இலையோரம் பல்பல்லாகக் கிழிந்து, பழுப்பு படர்ந்து, மற்றச் செடிகள் ஓரடி வளர்ந்தபோதும் இது நான்கு விரல் உயரத்திலேயே நின்றால், அதை வசந்தகால நலிவு என்பார்கள். பூச்சி, பூஞ்சணம், உறைபனிக் காயம் என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன; ஒன்று மட்டுமே காரணம் என்று அறுதியிடப்படவில்லை. செடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நலிந்த நடுக்குருத்து செத்தாலும், கழுத்தின் பக்கங்களிலிருந்து புதிய விசிறிகள் ஜூனுக்குள் எழும். அந்த ஆண்டுப் பூவை மட்டும் இழக்கிறீர்கள். அடுத்தடுத்து மூன்று வசந்தங்களிலும் அதே செடி நலிந்தால், வேறிடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

விசிறி மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வருகிறது

இது கழுத்தழுகல், மேற்சொன்ன எல்லாவற்றிலும் உடனே கவனிக்க வேண்டியது. நடு இலைகள் மஞ்சளாகி, இழுத்தால் அடியில் குழகுழவென்று, துர்நாற்றத்தோடு கழன்று வரும். தண்ணீர் தேங்குவதே பெரும்பாலும் மூல காரணம். புதிய குடியிருப்புகளில் கட்டடம் எழும்பும்போது மேல்மண்ணை அகற்றி, கனரக இயந்திரங்கள் அடிக் களிமண்ணை இறுக்கிவிடுகின்றன. பிறகு அதன் மேல் மெல்லிய மண்ணைப் பரப்பிப் புல்லை விரிக்கிறார்கள். அந்தக் களிமண்ணில் வெட்டிய குழி, மழை பெய்தால் ஒரு தொட்டிபோல நிறைந்து நிற்கும். குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் அது நின்றால் அந்த இடம் டேலிலிக்கு ஆகாது.

செடியை முழுவதும் தோண்டி, கழுவி, அழுகிய பகுதியைக் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை அல்ககோலால் துடையுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாட்கள் உலரவிட்டு, வேறிடத்தில் நடுங்கள். டேலிலியின் தடித்த வேர்கள் நீரைச் சேமித்து வைத்திருப்பதால் இந்த உலர்த்தல் அதற்குக் கேடு செய்யாது. பழைய இடத்தில் மீண்டும் நட வேண்டுமானால், பாத்தியை 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்தி, கூட்டெருவை நிறையக் கலந்த பிறகே நடுங்கள்.

குளிர்காலம் கடந்தும் செடி தலைகாட்டவில்லை

டேலிலி வகைகளில் மூன்று இயல்புகள் உண்டு. சில குளிர்காலத்தில் இலை முழுவதும் மடிந்து உறங்கும். சில அரைகுறையாகப் பச்சை காட்டும். சில எப்போதும் பச்சையாக இருக்க முயலும். புளோரிடா போன்ற வெப்பமான இடங்களில் உருவாக்கப்பட்ட எப்போதும் பச்சையான வகைகளில் பல நமது ஜனவரியைத் தாங்குவதில்லை. வாங்கும்போதே சீட்டில் இதைப் பாருங்கள். கன்று எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் குறிப்பே முக்கியம்.

தாங்கும் வகையும் மாண்டுபோனது என்றால், இலையுதிர் காலத்தில் பிந்தி நட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். வேர் பிடிக்காத கன்றை, மண் உறைந்தும் உருகியும் மாறும் மார்ச் மாதத்தில், மண்ணே மேலே தள்ளிவிடும். கழுத்தும் வேரும் வெளியே தெரியக் கிடந்தால் உடனே அழுத்தி மண் போடுங்கள். பிழைக்க வாய்ப்பு உண்டு. புதிதாக நட்டவற்றின் மேல், மண் உறைந்த பிறகு டிசெம்பரில் உலர் இலைகளைப் பரப்பி, ஏப்ரலில் அகற்றிவிடுங்கள்.

சிவப்பு வாங்கினேன், செம்மஞ்சள் பூக்கிறது

பூ நிறம் மாறிவிடவில்லை. வேறு செடி வந்து இடம்பிடித்திருக்கிறது. தெருவோர வாய்க்கால்களில் ஜூலையில் செம்மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் பழைய டேலிலி, மூன்று குரோமோசோம் தொகுதிகள் உள்ளதால் விதை கட்டாது. மாறாக மண்ணுக்கடியில் தண்டோட்டிப் பரவும். வேலியோரம் நின்ற அது கலப்பினத்தின் கூட்டத்துக்குள் நுழைந்து அதை நெருக்கிவிடும். பூக்கும் காலத்திலேயே செம்மஞ்சள் தண்டுகளுக்கு நாடா கட்டி அடையாளம் வைத்து, ஓகஸ்டில் முழுக் கூட்டத்தையும் தோண்டி, வேர்த்துண்டு ஒன்றையும் விடாமல் பிரித்தெடுங்கள். அதைக் காட்டோரம் எறியாதீர்கள், அங்கேயும் பரவும்.

கலப்பினங்களின் காய் வெடித்து விதை விழுந்து முளைத்தாலும் தாயின் நிறம் வராது. பெயரோடு வாங்கிய நிறம் வேண்டுமானால் கன்று பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

பூவின் நிறம் வெளிறுகிறது, ஒரே நாளில் வாடிவிடுகிறது

கருஞ்சிவப்பும் ஊதாவும் பிற்பகல் வெயிலில் உருகியதுபோல ஆகும்; அவற்றைக் காலை வெயிலும் பிற்பகல் இலேசான நிழலும் கிடைக்கும் இடத்தில் நடுங்கள். மஞ்சளும் இளஞ்சிவப்பும் முழு வெயிலிலேயே நன்றாக இருக்கும். இரவு மிகவும் குளிர்ந்தால் சில வகைகள் காலையில் பாதியே விரியும். அது வகையின் இயல்பு, குறையல்ல.

ஒரு நாளில் வாடுவதும் அப்படித்தான். நமது செவ்வரத்தையைப் போல ஒரு பூ ஒரு பகலுக்கே. ஆனால் ஒரு தண்டில் பத்துக்கும் மேற்பட்ட மொட்டுகள் இருப்பதால் கிழமைக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். சாமிப் படத்துக்கு வைப்பவர்கள் விடிந்தவுடன் பறித்தால் இரவு வரை முகம் வாடாது. வாடிய பூவை மாலையில் கிள்ளிவிடுங்கள். இல்லையேல் அது குழகுழத்து, மறுநாள் விரியும் மொட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதை விரியவிடாது.

தளிரும் மொட்டும் நறுக்கப்பட்டிருக்கின்றன

தளிர் சாய்வாக, கத்தியால் சீவியதுபோல இருந்தால் முயல். மொட்டுகள் தண்டோடு பிய்ந்து கிழிந்திருந்தால் மான். ஏப்ரலிலும் மேயிலும் இரண்டடி உயரக் கம்பிவலை வைத்தால் முயல் அண்டாது; இலை முற்றிய பிறகு எடுத்துவிடலாம். மானுக்கு உயர்ந்த வேலியைத் தவிர நம்பத்தக்க வேறு வழியில்லை.

பூந்தண்டின் நடுவில் இலைக்கொத்து முளைத்திருக்கிறது

இதை நோய் என்று எண்ணி வெட்டி எறிபவர்கள் உண்டு. அது தண்டின் கணுவில் முளைத்த குட்டிக் கன்று. தாயின் அதே இயல்பு கொண்டது. தண்டு பழுப்பாகத் தொடங்கும்வரை அப்படியே விடுங்கள். அதற்குள் அடியில் சிறு வேர்முனைகள் தெரியும். மேலும் கீழும் 5 சென்ரிமீற்றர் தண்டை விட்டு வெட்டி, ஈரமான கலவை மண் உள்ள சட்டியில் வேர்முனை புதையும்படி நடுங்கள். ஓகஸ்டுக்குள் நட்டது செப்ரெம்பர் நடுவில் வேர் பிடித்திருந்தால் பாத்தியில் இறக்கலாம். பிந்தியதைச் சட்டியோடு உறைபனி படாத குளிர்ந்த கராஜில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை சிறிது தண்ணீர் விட்டு, மே நடுப்பகுதியில் வெளியே நடுங்கள்.